வயக்காடு எப்படி பிளாட்டு ஆகுது? நெல்லையில ஒரு குளத்தை எடுத்து நீங்களே ஆராய்ச்சி பண்ண முழு வழிகாட்டி

ரெட்டியார்பட்டி பக்கம் போனாலும் சரி, சுத்தமல்லி பக்கம் போனாலும் சரி, கலர் கொடி நட்ட பிளாட்டு இல்லாத ரோடு இப்ப கிடையாது. போன வருஷம் பிசானம் (மழைக்கால நெல் போகம்) நட்ட வயல்ல இந்த வருஷம் கல்லு நட்டிருக்கான். பாத்துட்டு "ஐயோ போச்சே"ன்னு சொல்லிட்டுப் போறவங்க நெறய பேரு, ஆனா அந்த நிலம் யாரு கையெழுத்துல, எந்த வருஷம், எந்தச் சட்டத்துல மாறிச்சுன்னு பேப்பரோட சொல்ல முடிஞ்சவங்க ரொம்பக் கொஞ்சம். அந்தக் கொஞ்சப் பேர்ல நீங்களும் ஒருத்தரா ஆகணும்னு தான் இதை எழுதுதேன். காலேஜ் பிராஜக்ட் பண்ற பிள்ளைகளுக்கும் ஆகும், தெரு நலச் சங்கத்துல இருக்கிற பெரியவங்களுக்கும் ஆகும். பெரிய செலவு கிடையாது, பொறுமை தான் வேணும்.

முதல்ல எல்லையை முடிவு பண்ணுங்க

"திருநெல்வேலியின் நகர வளர்ச்சி"ன்னு தலைப்பு வச்சு ஆரம்பிச்சா ஒண்ணும் தேறாது. அதே மாதிரி வார்டை எல்லையா எடுக்காதீங்க, வார்டு எல்லை ஓட்டுக்காகப் போட்ட கோடு. நம்ம ஊர்ல நிலத்தோட கதை எல்லாம் தண்ணியோட கதை. தாமிரபரணியில 8 அணைக்கட்டு, அதுல பாயுற நிலம் நெல்லை, தூத்துக்குடி ரெண்டும் சேத்து 86 ஆயிரம் ஏக்கருக்கு மேல. அரியநாயகிபுரம் அணைக்கட்டுலேர்ந்து கோடகன் கால்வாய், சுத்தமல்லியிலேர்ந்து நெல்லைக் கால்வாய், பழவூர்லேர்ந்து பாளையங்கால்வாய்னு ஒவ்வொண்ணும் வழியில குளம் குளமா நிரப்பிட்டுப் போகும். அதனால ஒரே ஒரு குளத்தை எடுத்துக்கோங்க. அந்தக் குளம், அதுக்கு வாற வரத்துக்கால், அதுலேர்ந்து தண்ணி பாயுற வயல்களான பத்து, குளம் நிரம்பி வழியுற மறுகால் போற ஓடை, இவ்வளவு தான் உங்க ஆராய்ச்சி எல்லை. சின்னதா தோணும், ஆனா இதுவே ஆறு மாசத்துக்குக் காணும்.

கேள்வியும் ஒண்ணு போதும். இந்தக் குளத்துப் பத்துல 1990ல எவ்வளவு நஞ்சை இருந்துச்சு, இப்ப எவ்வளவு இருக்கு, மாறுனதெல்லாம் முறைப்படி மாறிச்சா இல்லையா. அவ்வளவு தான்.

நடந்து பாருங்க

கம்ப்யூட்டர் முன்னால உக்காரதுக்கு முன்னாடி ரெண்டு தடவையாவது நடக்கணும், ஒண்ணு வெயில் காலத்துல, ஒண்ணு வடகிழக்கு மழை முடிஞ்சதும். கலுங்குலேர்ந்து, அதாவது குளத்து உபரித் தண்ணி வெளிய போற இடத்துலேர்ந்து ஆரம்பிங்க. மறுகால் தண்ணி எங்க போகுது, எந்த இடத்துல வாய்க்கால் சுருங்குது, எங்க பாலத்துக்குப் பதிலா குழாய் போட்டிருக்கான், எங்க வீட்டுக் காம்பவுண்டுக்குள்ள போயி மறைஞ்சுருதுன்னு போன்ல லொகேஷனோட போட்டோ எடுத்துக்கோங்க. வயலுக்குத் தண்ணி திறந்து விடுற மடை எத்தனை, எது திறக்குது, எது மண் மூடிக் கிடக்குன்னும் எழுதுங்க, மடை செத்துப்போச்சுன்னா அதுக்குக் கீழ உள்ள பத்தும் செத்துப்போச்சுன்னு அர்த்தம், அதுக்கப்புறம் அது பிளாட்டு ஆகுறதுக்கு ரொம்ப நாள் ஆகாது.

பெரியவங்ககிட்ட கேக்கும்போது "இங்க ஆக்கிரமிப்பு இருக்கா"ன்னு கேட்டீங்கன்னா யாரும் வாய் திறக்க மாட்டாங்க. "அண்ணாச்சி, இந்த வயல்ல கார் எந்த வருஷம் கடைசியா வெளைஞ்சுது? பிசானம் மட்டும் வெச்சது எப்பலேர்ந்து?"ன்னு கேளுங்க. கார்ங்கிறது பிசானத்துக்கு முந்தி வர்ற நெல் போகம், அது நின்ன வருஷம் அவங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும், மக கல்யாணம், பஞ்சம்னு எதையாவது வெச்சு கரெக்டா சொல்லிருவாங்க. ரெண்டு போகம் ஒரு போகமாகி, ஒரு போகம் தரிசாகி, தரிசு பிளாட்டாகுற வரிசை இருக்கே, அது ரெக்கார்டுல எங்கயும் இருக்காது, அவங்க வாயில தான் இருக்கு.

இன்னொண்ணு, 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டிச்சு, இங்க ஜங்ஷன், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் தண்ணி. உங்க குளத்துப் பக்கம் அன்னைக்கு எந்தத் தெருவுல எவ்வளவு உயரம் நின்னுச்சுன்னு வீடு வீடா கேட்டு செவுத்துல அளந்து குறிச்சு வைங்க. அந்த உயரத்தை ஒரு மேப்புல போட்டா, பழைய வாய்க்கால் எங்கெங்க ஓடிச்சோ அந்தக் கோடு அப்படியே தெரியும். இதை இப்பவே பண்ணுங்க, வெள்ளையடிச்சா அடையாளம் போயிரும்.

சர்வே நம்பர் தான் சாவி

இனிமேத்தான் முக்கியமான வேலை. குளத்துப் பத்துல உள்ள சர்வே நம்பர் எல்லாத்தையும் லிஸ்ட் எடுக்கணும். கிராம வரைபடம் வி.ஏ.ஓ. ஆபீஸ்ல இருக்கும், பாக்கக் கேளுங்க. அப்புறம் அரசோட இ-சேவை வெப்சைட்ல பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு (ஊர் நிலம் எல்லாத்துக்குமான வருவாய்த்துறைப் பதிவேடு), புலப்படம் (சர்வே எண்ணோட அளவுப் படம்) நாலும் காசு இல்லாமப் பாக்கலாம். மாநகராட்சிக்குள்ள நகர நில அளவை முடிஞ்ச இடம்னா வார்டு, பிளாக்குன்னு வேற நம்பர் இருக்கும், பழைய சர்வே நம்பரும் புது நம்பரும் ஒத்துப் பாக்கிற பட்டியலை தாலுகா ஆபீஸ்ல கேட்டு வாங்கிக்கோங்க. இல்லைன்னா வேற எவன் நிலத்தையோ வெச்சு ஆராய்ச்சி பண்ணிட்டு இருப்பீங்க.

'அ' பதிவேட்டை எப்படி வாசிக்கணும்னு ஒரு உதாரணம் சொல்லுதேன். ஒரு சர்வே எண், உட்பிரிவு 3ஏன்னு வைங்க. அரசு நிலமா ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலமா), நஞ்சையா புஞ்சையான்னு இருக்கும். நஞ்சைன்னா பாசன ஆதாரம்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல உங்க குளத்துப் பேரு இருக்கணும். பக்கத்துல ஒரு போகமா ரெண்டு போகமான்னு இருக்கும். பரப்பு 0-40.50ன்னு இருந்தா அது 40.5 ஏர் (ஒரு ஏர்னா 100 சதுர மீட்டர்), சென்டுல சொன்னா நூறு, அதாவது கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். இந்தக் கணக்கு மனசுல இருந்தாப் போதும், மத்ததை அதை வெச்சே போட்டுக்கலாம். கடைசில குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு, அதை நெறய பேரு பாக்காம விட்டுருவாங்க, வாய்க்கால், பாதை பத்தின விஷயம் அதுல தான் சில நேரம் ஒளிஞ்சுக் கிடக்கும்.

நஞ்சைன்னு பதிவேட்டுல இருக்கு, நேர்ல போனா மூணு மாடி வீடு நிக்குது. இதைப் பாத்தவுடனே "சட்டவிரோதம்"னு எழுதிராதீங்க. ரெவின்யூ ரெக்கார்டுல வகைப்பாடு மாத்தாமலே முறைப்படி அனுமதி வாங்கிக் கட்டினவங்களும் இருக்காங்க. வருவாய்த்துறை வகைப்பாடு வேற, நகரமைப்பு நிலப் பயன்பாடு வேற, இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்புறது தான் இந்த மாதிரி ஆராய்ச்சில அதிகமா நடக்கிற தப்பு.

புறம்போக்கைத் தனியா ஒரு பட்டியல் போடுங்க. குளம், வாய்க்கால், ஓடை, வண்டிப்பாதை, மேய்ச்சல், நத்தம், எல்லாம் வேற வேற. புலப்படத்துல வாய்க்கால் ஒடுங்கலா ஒரு தனி சர்வே எண்ணாவோ உட்பிரிவாவோ இருக்கும், அதோட அகலத்தை ரெண்டு மூணு இடத்துல அளவு பாத்து எழுதிட்டு, நேர்ல போயி டேப்பு வெச்சு அளந்து பக்கத்துலயே எழுதுங்க. படத்துல ஆறு மீட்டர், நேர்ல ஒண்ணரை மீட்டர்னு ஒரு வரி வந்துச்சுன்னா அது பத்துப் பக்கம் பேசுறதை விட மேல். 'யூடிஆர்'ல மாறிப்போச்சுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, 1980கள்ல நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் அது. அதுக்கு முந்தின செட்டில்மெண்ட் (பழைய நிலவரித் திட்டம்) பதிவேட்டையும் யூடிஆர் பதிவேட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா குளத்தோட பரப்பு எப்பக் குறைஞ்சுதுன்னு தெரிஞ்சுரும். இது ஆன்லைன்ல கிடைக்காது, தகவல் உரிமைச் சட்டத்துல தான் கேக்கணும்.

நகரமைப்புப் பேப்பர்

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971. இந்த ஒரு சட்டத்தைப் பொறுமையா வாசிச்சாலே பாதி விஷயம் பிடிபட்டுரும். இதுல ரெண்டு பிளான் இருக்கு, ஊர் முழுசுக்கும் மாஸ்டர் பிளான், குறிப்பிட்ட பகுதிக்கு விரிவு வளர்ச்சித் திட்டம், ஆபீஸ்ல டி.டி. பிளான்னு சொல்லுவாங்க. மாஸ்டர் பிளான்ல ஒவ்வொரு சர்வே நம்பரும் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், விவசாயம், திறந்தவெளின்னு ஏதோ ஒரு வகையில வந்துரும். உள்ளூர் திட்டக் குழும ஆபீஸ்ல போயி உங்க குளத்துப் பத்துல உள்ள நம்பரெல்லாம் எந்தக் கலர்ல இருக்குன்னு பாருங்க. நெறய இடத்துல ஒண்ணு கவனிக்கலாம், பதிவேட்டுல இரு போக நஞ்சைன்னு இருக்கிறது பிளான்ல குடியிருப்புன்னு கலர் அடிச்சிருக்கும். பிளாட்டு போட்டவனைக் குறை சொல்றதுக்கு முன்னாடி அந்தக் கலரை யாரு எதை வெச்சு அடிச்சான்னு கேக்கணும், என்னைக் கேட்டா அது தான் உண்மையான கேள்வி.

பிளானுக்கு அடிப்படை மக்கள் தொகைக் கணக்கு. நம்ம மாநகராட்சி 1994ல நெல்லை, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர்னு நாலையும் சேத்து உண்டாச்சு, 2011 கணக்குப்படி நாலே முக்கால் லட்சம் பேரு கிட்ட. 2021ல எடுக்க வேண்டிய கணக்கு எடுக்கவே இல்ல. அதனால எந்த அறிக்கையில "எதிர்கால மக்கள் தொகை"ன்னு பாத்தாலும் அது 2011லேர்ந்து நீட்டிப் போட்ட கணக்கா இருக்கும், அந்தக் கணக்கை எப்படிப் போட்டாங்கன்னு பக்கம் புரட்டிப் பாருங்க. இத்தனை லட்சம் பேருக்கு இடம் வேணும்னு சொல்லித்தான் வயக்காட்டுல குடியிருப்புக்கான மஞ்சக் கலர் அடிக்கிறாங்க.

அடுத்தது லேஅவுட். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) வெப்சைட்ல அனுமதி கொடுத்த மனைப்பிரிவுகளோட விவரம் கிடைக்கும். அனுமதி எண், வருஷம், சர்வே எண், மொத்தப் பரப்பு இந்த நாலையும் உங்க லிஸ்ட்ல ஏத்துங்க. நஞ்சையை மனையா மாத்த வேளாண்மை இணை இயக்குநர் கருத்து, வெள்ளம் தேங்குமான்னு நீர்வளத்துறை தடையின்மைச் சான்று, இதெல்லாம் ஃபைல்ல இருக்கணும், இருக்கான்னு கேளுங்க. நீர்வளத்துறை சான்றுல நிபந்தனை போட்டிருப்பாங்க, வாய்க்காலை இத்தனை மீட்டர் விடணும், தரையை இவ்வளவு உயர்த்தணும்னு. அந்த நிபந்தனையை வெச்சுட்டு இடத்துக்குப் போங்க. சான்று இருக்குதாங்கிறதை விட நிபந்தனை நிறைவேறிச்சாங்கிறது தான் முக்கியம்.

பூங்கா இடத்தை மறந்துராதீங்க. 10,000 சதுர மீட்டருக்கு மேல உள்ள லேஅவுட்னா 10 சதவீதம் திறந்தவெளியா விட்டு உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கணும். அந்தப் பத்திரம் பதிவாச்சா, இப்ப அந்த இடத்துல என்ன இருக்குன்னு ஒரு தனிப் பட்டியல் போட்டீங்கன்னா உங்க தெருக்காரங்களே உங்களுக்கு நன்றி சொல்லுவாங்க.

அனுமதி இல்லாத மனைகள் கதை வேற. 2016 செப்டம்பர்ல உயர் நீதிமன்றம் பத்திரப்பதிவை நிறுத்துச்சு, அப்புறம் 2017ல இந்த மனைகளை முறைப்படுத்துற வரன்முறை விதிகள் வந்துச்சு, 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி போட்ட மனைப்பிரிவுகளுக்கு. அந்த விதியிலயே நீர்நிலைல உள்ள மனையை வரன்முறை பண்ணக் கூடாதுன்னு இருக்கு. உங்க பத்துல வரன்முறை ஆன லேஅவுட் இருந்தா, புலப்படத்துல உள்ள வாய்க்கால் அதுக்குள்ள வருதான்னு ஒத்துப் பாருங்க.

மேலேர்ந்து பாக்கிறது

கூகுள் எர்த்துல பழைய படம் பாக்கிற வசதி இருக்கு. ஒவ்வொரு வருஷமும் ஒரே மாசத்துப் படமா எடுங்க, இல்லைன்னா கார் அறுத்த வயலை தரிசுன்னு எழுதிருவீங்க. முடிஞ்சா ஜனவரி, அப்ப பிசானம் பச்சையா நிக்கும், எது வயல் எது தரிசுன்னு பளிச்சுன்னு தெரியும். பக்கத்துல ஏதாவது ரோடு, பாலம், காலேஜ் வந்த வருஷத்தையும் குறிச்சு வைங்க. மேற்குப் புறவழிச்சாலை மாதிரி ஒரு ரோடு வருதுன்னு பேச்சு கெளம்பினதுக்கும் கல்லு நட்டதுக்கும் நடுவுல எவ்வளவு நாள்னு பாத்தா சந்தை எப்படி வேலை செய்யுதுன்னு புரியும். வழிகாட்டி மதிப்பு எப்ப எவ்வளவு ஏறிச்சுங்கிறதையும், வில்லங்கத்தையும் (நிலம் யாருகிட்டேர்ந்து யாருக்குக் கைமாறிச்சுங்கிற பதிவு) பதிவுத்துறை வெப்சைட்லயே பாக்கலாம். ஆனா வில்லங்கத்துல வர்ற ஆட்கள் பேரை உங்க அறிக்கையில போடாதீங்க. கைமாறின வருஷமும் பரப்பும் போதும். மக கல்யாணத்துக்கு வயலை வித்தவரும், வெளிநாட்டுல கஷ்டப்பட்டு அனுப்பின காசுல மூணு சென்ட் வாங்கினவரும் நம்ம ஆட்கள் தான், அவங்களை குத்தவாளி ஆக்குறது இந்த ஆராய்ச்சி இல்ல.

தகவல் உரிமை மனு

10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு, ஒரு வெள்ளைத்தாள். 30 நாள்ல பதில் வரணும், வரலைன்னா, இல்ல பதில் சரியில்லைன்னா 30 நாளைக்குள்ள முதல் மேல்முறையீடு, அப்புறம் 90 நாளைக்குள்ள தகவல் ஆணையம். தப்பான ஆபீஸுக்கு அனுப்பிட்டாலும் பயப்படாதீங்க, 6(3) பிரிவுல 5 நாளைக்குள்ள சரியான ஆபீஸுக்கு அவங்களே மாத்தி அனுப்பணும்.

"ஏன்", "எதற்காக"ன்னு கேக்கவே கேக்காதீங்க, ரெக்கார்டுல காரணம் இல்லைன்னு ஒரு வரில முடிச்சுருவாங்க. ஆவணத்தைக் கேளுங்க. இப்படி:

"... கிராமம், சர்வே எண் ...-ல் அமைந்த மனைப்பிரிவுக்கு வழங்கப்பட்ட அனுமதி ஆணை, அதன் வரைபடம், நீர்வளத்துறை தடையின்மைச் சான்று, வேளாண்மை இணை இயக்குநரின் கருத்து ஆகியவற்றின் நகல்கள் வேண்டும். மேற்படி கோப்பை நேரில் பார்வையிட அனுமதி வேண்டும்." பிரிவு எண்ணெல்லாம் போட்டுக் கொழம்ப வேண்டாம், இப்படி எழுதினாப் போதும். நேர்ல ஃபைலைப் பாக்கிறது தான் எனக்குத் தெரிஞ்சு சிறந்த வழி. ஃபைல்ல இடது பக்கத்துக் குறிப்புத்தாளை முதல்ல வாசிங்க, எந்த அதிகாரி என்ன சந்தேகம் எழுப்பினாரு, அது எப்படித் தீந்துச்சுன்னு அதுல தான் இருக்கும். ஒரே மனுவுல இருபது கேள்வி போடாம, ஆபீஸுக்கு ஒரு மனு, மனுவுக்கு நாலு அஞ்சு கேள்வின்னு வெச்சுக்கோங்க.

பழசை இடிச்சுப் புதுசு கட்டுற இடம்னா

குளம் இல்லாம, டவுனுக்குள்ள மறுகட்டுமானத்தைப் பத்திப் பண்ணணும்னா வழி கொஞ்சம் மாறும். 2017 ஜூன்ல நம்ம ஊரு ஸ்மார்ட் சிட்டி பட்டியல்ல வந்துச்சு, அந்தத் திட்டம் 2025 மார்ச்சோட முடிஞ்சுது. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டை இடிச்சுத் திரும்பக் கட்டி முடிக்க வருஷக்கணக்கா ஆன கதை எல்லாருக்கும் தெரியும், அந்த வருஷங்கள்ல அங்க வாடகைக்குக் கடை வெச்சிருந்தவங்க எங்க போனாங்க, திரும்பக் கடை கிடைச்சுதா, வாடகை எவ்வளவு ஏறிச்சுங்கிறது தான் ஆராய வேண்டியது. பழைய வாடகைப் பதிவேடும் புது ஏலப் பதிவேடும் வாங்கி ஒத்துப் பாருங்க. பிளாட்பாரத்துல பூ, பழம் விக்கிற ஆச்சிகளுக்கு 2014 தெருவோர வியாபாரிகள் சட்டம் இருக்கு. அதுப்படி நகர விற்பனைக் குழுவுல 40 சதவீதத்துக்குக் குறையாம வியாபாரிகளே உறுப்பினரா இருக்கணும், கணக்கெடுப்பு முடியுற வரைக்கும் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. குழு கடைசியா எப்பக் கூடிச்சு, கூட்டக் குறிப்பு எங்கன்னு ஒரு மனு போட்டாலே பாதி ஆராய்ச்சி முடிஞ்ச மாதிரி.

கண்டுபிடிச்சதை எங்க கொண்டு போறது

மாமன்றத் தீர்மான நகல்களை உங்க பகுதிப் பேரைத் தேடி வாசிங்க. வார்டுன்னா ஏரியா சபை, ஊராட்சின்னா கிராம சபை. கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடணும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 தண்ணீர் தினம், குளத்து விஷயத்தை அன்னைக்குத் தீர்மானமாக் கொண்டு வாங்க, வாயால பேசினா மட்டும் போதாது, தீர்மானப் புத்தகத்துல ஏறுதான்னு நின்னு பாக்கணும்.

புது மாஸ்டர் பிளான் வரைவு வெளியாச்சுன்னா அது தான் எல்லாத்துலயும் பெரிய வாய்ப்பு. சட்டத்தோட 26ஆம் பிரிவுப்படி அரசிதழ்லயும் பத்திரிகையிலயும் விளம்பரம் போட்டு ஆட்சேபணை கேக்கணும், அதுக்குக் குறைஞ்சது ரெண்டு மாசம் கொடுக்கணும். ரெண்டு மாசம் கேக்க நெறயா இருக்கிற மாதிரி இருக்கும், ஆனா அப்ப உக்காந்து சர்வே எண் தேட ஆரம்பிச்சா காணாது, அதனால தான் லிஸ்டை இப்பவே போட்டு வைக்கச் சொல்லுதேன். 32ஆம் பிரிவுல தனித்தனி இடத்துக்கு நிலப் பயன்பாடு மாத்தவும் கேப்பாங்க, அந்த விளம்பரம் பேப்பர்ல ஒரு மூலையில சின்னதா வரும். தெருவுல தினமும் பேப்பர் வாசிக்கிற பெரியவர் ஒருத்தர்கிட்ட அந்தப் பொறுப்பைக் கொடுத்துருங்க, தவற விட மாட்டாங்க.

ஆட்சேபணையில "விவசாயத்தைக் காப்பாத்துங்க"ன்னு மட்டும் எழுதினா எந்த அதிகாரியாலயும் அதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. சர்வே எண், 'அ' பதிவேட்டுல என்ன இருக்கு, வரைவுல என்ன கலர், 2023 வெள்ளத்துல அங்க நின்ன தண்ணி எவ்வளவு உயரம், என்னவா மாத்தணும்னு அஞ்சு கட்டம் போட்டு ஒரு அட்டவணை, கூட ஒரு மேப், மொத்தம் ரெண்டு பக்கம். அம்பது பேரு ஒரே தாள்ல கையெழுத்துப் போடுறதை விட அம்பது பேரும் தனித்தனியா கொடுத்தா ஒவ்வொண்ணுக்கும் தனி எண் விழும். தபால்ல அனுப்பினா பதிவுத்தபால், நேர்ல கொடுத்தா நகல்ல முத்திரையும் தேதியும் வாங்கிட்டு வாங்க, அந்த நகலை ஸ்கேன் பண்ணி தெரு குரூப்ல போட்டு வைங்க. அரசு இறுதி ஒப்புதல் கொடுத்தப்புறம் உங்க ஆட்சேபணை மேல என்ன முடிவு எடுத்தாங்கன்னு அந்த எண்ணை வெச்சே அடுத்த 10 ரூபாய் மனுவைப் போடலாம்.